300 கி.மீ. பி.ஆர்.எம் பயிற்சி: சைக்கிளில் போகும்போது என்ன சாப்பிடுவது, எப்போது சாப்பிடுவது?

வைகைக்கரை (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் இருக்கிறேன். வயது 38, எடை 72 கிலோ, நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் அலுவலக வேலை. இந்த சீசனில் 200 கி.மீ. பி.ஆர்.எம் (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூரச் சைக்கிள் ஓட்டம்) முடித்துவிட்டேன். அடுத்து 300. அதற்கு 20 மணி நேரம் தருகிறார்கள், நிற்கிற நேரத்தையும் சேர்த்து மணிக்கு 15 கி.மீ. வந்தால் போதும். வேகத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, வயிற்றைப் பற்றித்தான் கவலை.

200-ல் நடந்ததைச் சொல்கிறேன். காலையில் ஒரு காபியோடு கிளம்பினேன். 60-வது கிலோமீட்டரில் வெண்பொங்கல், வடை, அதற்கு மேல் ஒரு நெய் ரோஸ்ட். பிறகு 130 வரை தண்ணீர் மட்டும்தான், பசிக்கவே இல்லை. 130-ல் இரண்டு பரோட்டா, குருமா. 140 தாண்டியதும் காலில் சத்து இல்லை, தலை லேசாகச் சுற்றியது, குமட்டல் வந்தது. பையில் பிஸ்கட் இருந்தது, வாயில் வைக்க முடியவில்லை. கடைசி 60 கி.மீ. ஊர்ந்துதான் வந்து சேர்ந்தேன்.

இன்னொரு விஷயம். எடை குறைப்பதற்காக சில மாதங்களாக அரிசியை நிறுத்தியிருக்கிறேன். காலையில் ஓட்ஸ், மதியம் காய்கறியோடு ஒரு சப்பாத்தி, இரவு இரண்டு சப்பாத்தி. 5 கிலோ இறங்கியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீண்ட தூரம் ஓட்டினால் புதன்கிழமை வரை கால் வலி விடுவதில்லை. வீட்டில் முட்டை உண்டு, கறி மீன் கிடையாது.

ஜெல் (பொட்டலத்தில் விற்கும் இனிப்புக் கூழ்) வாங்கித்தான் ஆக வேண்டுமா? நம் சாப்பாட்டை வைத்தே 300 ஓட்ட முடியுமா? மதுரை - கோவில்பட்டி - மதுரைதான் என் பயிற்சிப் பாதை, போய் வந்தால் ஏறத்தாழ 200 கி.மீ. வரும். அதற்கு ஏற்ற மாதிரி யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.


கரிசல்மண் அக்கா:

தம்பி, முதலில் 200 முடித்ததற்கு வாழ்த்து. நான் விருதுநகர்ப் பக்கம். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. நீங்கள் சொல்லும் அந்த நான்குவழிச் சாலையில்தான் நானும் ஓட்டுகிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது. நம் ஆட்கள் வண்டிக்கும் டயருக்கும் எவ்வளவோ யோசிக்கிறார்கள், சாப்பாட்டை மட்டும் வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். நீண்ட தூரத்தில் உண்பதும் பயிற்சிதான். கால்களைப் பழக்குவது போலவே குடலையும் வாரம் தவறாமல் பழக்க வேண்டும்.

140-ல் உங்களுக்கு நடந்தது தற்செயல் இல்லை. நம் தசைகளில் சேமித்து வைக்கிற மாவுச்சத்து 400 முதல் 500 கிராம் இருக்கும். கல்லீரலில் இன்னும் ஒரு 100 கிராம். எல்லாம் சேர்த்து 2,000 கலோரி சுற்றி. உங்கள் எடைக்கு, சமதளத்தில் நிதானமாக ஓட்டினாலே மணிக்கு 400, 450 கலோரி செலவாகும். அதில் ஒரு பங்கைக் கொழுப்பு பார்த்துக்கொள்ளும், அது எல்லோரிடமும் வேண்டிய மட்டும் இருக்கிறது. மிச்சம் மாவுச்சத்திலிருந்துதான் வர வேண்டும். கல்லீரலில் இருப்பது இரவு தூக்கத்திலேயே பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். நீங்கள் காபியோடு கிளம்பினீர்கள். அரிசியையும் பல மாதமாக நிறுத்தியிருந்ததால் தசையும் நிறைந்திருக்காது. அதற்கு மேல் 70 கி.மீ. வெறும் தண்ணீர். பசிக்கவில்லை என்று சொல்கிறீர்கள், அது நெய்யும் எண்ணெயும் வயிற்றை விட்டு நகராமல் இருந்ததால். பசியை வைத்து முடிவு செய்தால் எப்போதும் தாமதமாகத்தான் சாப்பிடுவோம்.

ஆகவே கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள். கைக்கடிகாரத்தில் 30 நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடிக்க வையுங்கள். கிளம்பி 30-வது நிமிடத்திலேயே முதல் வாய். அப்போது வயிறு நிறைவாக இருப்பதாகத் தோன்றும், பரவாயில்லை, சாப்பிடுங்கள். மணிக்கு 40 கிராம் மாவுச்சத்தில் தொடங்கி, சில வாரங்களில் 60-க்குக் கொண்டு போங்கள். போட்டியில் பறக்கிறவர்கள் 90-க்கு மேலும் போகிறார்கள். நம் வேகத்துக்கு 50, 60 போதும்.

இந்த 60-க்கு ஒரு காரணம் இருக்கிறது. குளுக்கோஸைக் குடல் உறிஞ்சும் வழியில் மணிக்குச் சுமார் 60 கிராம்தான் போகும். ஃபிரக்டோஸுக்கு, அதாவது பழச்சர்க்கரைக்கு, வேறு வழி. இரண்டும் கலந்து போனால் வயிற்றில் தேங்காமல் ஏறும். வெல்லம், சர்க்கரை, வாழைப்பழம் எல்லாவற்றிலும் இரண்டும் இயல்பாகவே இருக்கின்றன. விளையாட்டுப் பானங்களின் பொட்டலத்தில் பெரிய எழுத்தில் போடுகிற அதே சங்கதி நம் பானகத்தில் இருக்கிறது.

பானகத்தை இப்படிச் செய்யுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பொடித்த வெல்லம் 60 கிராம், அதாவது ஐந்து மேசைக்கரண்டி. ஒரு எலுமிச்சை, கால் தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை சுக்கு. துணியில் வடிகட்டிவிடுங்கள், வெல்லத்து மண் பாட்டில் வாயை அடைக்கும். இனிப்பை இதற்கு மேல் கூட்ட வேண்டாம். கெட்டியானால் வயிறு தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு உப்பும், குமட்டலும் அங்கேதான் ஆரம்பிக்கும். கலந்ததை வெயிலில் நாள் முழுக்கச் சுமக்கவும் வேண்டாம், புளித்துவிடும். வெல்லம், உப்பு, சுக்கு மூன்றையும் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி எடுத்துக்கொண்டு, தண்ணீர் பிடிக்கிற இடத்தில் கலந்துகொள்ளுங்கள். நான் எப்போதும் ஒரு பாட்டில் பானகம், ஒரு பாட்டில் வெறும் தண்ணீர் என்று வைத்திருப்பேன். வாய் இனித்துப் போனால் கொப்பளிக்கவும் தலையில் ஊற்றவும் அந்தத் தண்ணீர் வேண்டும்.

இனி உங்கள் கோவில்பட்டிப் பாதைக்கு வருவோம்.

ஐந்து மணிக்குக் கிளம்புவதென்றால் நாலு மணிக்கு எழுந்து ஐந்து இட்லி, ஒரு வாழைப்பழம், சர்க்கரை போட்ட காபி. இட்லிக்கு 10 கிராம் வைத்தால் மொத்தம் 70-ஐத் தொடும், உங்கள் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் கணக்கு. சாம்பார் கொஞ்சம் போதும், பருப்பு அந்த நேரத்தில் வேண்டாம். திருமங்கலம் தாண்டுவதற்குள் ஒரு பழம் உள்ளே போயிருக்க வேண்டும். நம் பூவன் பழம் ஒன்றில் 15 கிராம் கிடைக்கும், கற்பூரவள்ளியில் இன்னும் கொஞ்சம் கூட.

விருதுநகர் 50-வது கிலோமீட்டர். அங்கே இறங்கிப் பத்து நிமிடம் நில்லுங்கள். வீட்டிலிருந்து பொடி இட்லி கொண்டு போங்கள். சூடு ஆறியதும் பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் கட்டினால் மதியம் வரை கெடாது. தேங்காய்ச் சட்னியைக் கையில் எடுக்கவே வேண்டாம், நம் வெயிலில் அது பத்து மணிக்கே போய்விடும். எங்கள் ஊர்ப் பொரிச்ச பரோட்டா நல்ல சாப்பாடு, அதை மறுநாள் நிதானமாக வந்து சாப்பிடுங்கள். மைதாவைக் குறை சொல்லவில்லை, எண்ணெய்தான் வயிற்றில் மணிக்கணக்கில் நிற்கும். நெய் ரோஸ்டும் அப்படியே.

விருதுநகரிலிருந்து சாத்தூர் வரை பேரீச்சம்பழம், பொரி உருண்டை. இந்தப் பொரி உருண்டையை யாரும் மதிப்பதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. அரிசிப் பொரியும் வெல்லப் பாகும் மட்டும், கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை, கனமில்லை, விலையும் இல்லை. ஓட்டிக்கொண்டே சாப்பிட இதைவிட நல்ல பண்டம் கடையில் எனக்குத் தெரிந்து கிடையாது. பையில் நொறுங்காமல் இருக்கச் சிறிய உருண்டையாகப் பார்த்து வாங்குங்கள்.

சாத்தூரில் வெள்ளரிக்காய் விற்பார்கள், உப்பும் மிளகாய்த்தூளும் தடவி இரண்டு துண்டு தின்றால் இனிப்பு அலுத்த வாய் திரும்பிவிடும். மிளகாய்த்தூள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் உப்பு மட்டும் போட்டுக்கொள்ளலாம். அதோடு ஒரு கைப்பிடி சேவு, உப்புக்காக. கோவில்பட்டியில் கடலைமிட்டாய். 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, எல்லோரும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். நல்ல பண்டம்தான், ஆனால் பாதி கடலை, அதில் எண்ணெய் நிறைய, மெதுவாகத்தான் செரிக்கும். நிழலில் உட்கார்ந்து ஓய்வெடுக்கும்போது ஒன்று இரண்டு தின்னுங்கள், வேகமாக ஓட்டும் நேரத்துக்கு அது ஆகாது. திரும்புகிற இடம் என்பதால் அங்கே தயிர் சாதம் ஒரு தட்டு, ஊறுகாயோடு. அதிலேயே 50 கிராமுக்கு மேல் வந்துவிடும். முழுச் சாப்பாடு வேண்டாம்.

தை பிறந்து கோடை வரை பதநீர் கிடைத்தால் விடாதீர்கள். நூறு மில்லிக்குப் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும், ஒரு சொம்பு குடித்தால் அரை மணிக் கணக்கு முடிந்தது. காலையில் இறக்கியதாக இருக்க வேண்டும், வெயில் ஏறிய பிறகு வேண்டாம். கரும்புச் சாறும் அப்படித்தான், ஐஸ் போடாமல் கேளுங்கள்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஆனி, ஆடியில் சாத்தூருக்குத் தெற்கே மேற்குக் காற்று பக்கவாட்டில் அடிக்கும், கயத்தாறு பக்கம் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காற்றில் ஹேண்டில்பாரை விட்டு ஒரு கையை எடுக்கப் பயந்து பலரும் இரண்டு மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் ஓட்டிவிடுகிறார்கள். உழைப்பு கூடுகிற நேரத்தில் உணவு நின்றுபோகிறது. அந்த மாதங்களில் மணி அடித்ததும் ஓரமாக நிறுத்திச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், மூன்று நிமிடம்தான். இல்லாவிட்டால் பாட்டிலிலேயே பெரும்பங்கு போகிற மாதிரி இரண்டு பாட்டிலிலும் பானகத்தையே, அதே அளவு இனிப்பில், நிரப்பிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, குமட்டல் வந்தால். கடும் வெயிலில் உழைக்கும்போது ரத்தம் தோலுக்கும் தசைக்கும் போய்விடும், குடலுக்குக் குறையும். அந்த நேரத்தில் திணித்தால் இன்னும் மோசமாகும். நிழலில் நில்லுங்கள், கழுத்திலும் தலையிலும் தண்ணீர் ஊற்றுங்கள், நீர்மோரோ உப்புப் போட்ட எலுமிச்சை நீரோ மடக்கு மடக்காகக் குடியுங்கள். கால் மணி நேரத்தில் வயிறு இளகும். பிறகு வேகத்தைக் குறைத்து, ஒரு பேரீச்சம்பழத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.


இரவுப்பணி செவிலியர்:

அக்கா சொன்னதோடு உப்பைப் பற்றி நான் கொஞ்சம் சேர்க்கிறேன். நானும் சைக்கிள் ஓட்டுகிறேன், வேலை மருத்துவமனையில்.

ஒரு லிட்டர் வியர்வையில் எவ்வளவு சோடியம் போகிறது என்பது ஆளுக்கு ஆள் நிறைய மாறும். சிலருக்கு 300 மில்லிகிராம், சிலருக்கு 1,500-ஐயும் தாண்டும். சட்டையில் வெள்ளைப் படலம் காய்ந்து நிற்கிறதா, கண் எரிகிறதா என்று பாருங்கள், இருந்தால் நீங்கள் உப்பு அதிகம் இழக்கிறவர். அக்கா சொன்ன கால் தேக்கரண்டி உப்பில் 600 மில்லிகிராமை ஒட்டி சோடியம் இருக்கும். அதிகம் இழக்கிறவர்கள் அதை அரைத் தேக்கரண்டி வரை கூட்டலாம்.

எவ்வளவு தண்ணீர் என்று தெரிய ஒரு எளிய சோதனை. ஒரு மணி நேரம் ஓட்டுவதற்கு முன்னும் பின்னும், ஈரத் துணியைக் கழற்றிவிட்டு, எடை பாருங்கள். குறைந்த எடையோடு அந்த நேரத்தில் குடித்த தண்ணீரையும் கூட்டினால் உங்கள் ஒரு மணி நேர வியர்வை. மதுரை வெயிலில் ஒரு லிட்டரைத் தாண்டினால் ஆச்சரியம் இல்லை. அத்தனையையும் திரும்பக் குடிக்க வேண்டியதில்லை. உடல் எடையில் 2 சதவீதத்துக்குள் இழப்பை நிறுத்தினால் போதும், உங்களுக்கு அது ஒன்றரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஓட்டி முடித்தபோது எடை கூடியிருந்தால் அது கவலைப்பட வேண்டிய விஷயம். வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், குழப்பம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். இதையும் நீர்ச்சத்துக் குறைவு என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

ஓ.ஆர்.எஸ். பற்றிப் பலர் கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும்தான் அதில் முக்கியம். உப்பை ஈடுகட்ட நல்லது, ஆனால் சர்க்கரை குறைவு, அதை உணவாகக் கணக்கில் எடுக்காதீர்கள். பொட்டலத்தில் எத்தனை மில்லிக்கு என்று அச்சிட்டிருக்கிறதோ அதே அளவு தண்ணீரில் கலக்க வேண்டும், பாதித் தண்ணீரில் கலந்தால் வயிறு கலங்கும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் அந்த அளவுக்கு இல்லை. ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடியுங்கள்.

அப்புறம், கால் வலிக்கு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டு ஓட்டுவதைப் பார்க்கிறேன். உடலில் நீர் குறைந்திருக்கும்போது அவை சிறுநீரகத்தைப் பாதிக்கும். தயவுசெய்து வேண்டாம். ரத்த அழுத்தமோ சர்க்கரை நோயோ உள்ளவர்கள் இங்கே எழுதியிருக்கும் உப்பு, வெல்லக் கணக்கை அப்படியே எடுக்காமல் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.


எட்டாம் கியர்:

ஜெல் பற்றிக் கேட்டிருந்தீர்கள், நான் பயன்படுத்துகிறேன், அதனால் சொல்கிறேன். ஒரு ஜெல்லில் 20 முதல் 25 கிராம் மாவுச்சத்து. நீங்கள் 300-ஐ 13 மணி நேர ஓட்டமாக முடிக்கிறீர்கள், மணிக்கு 50 கிராம் என்று வையுங்கள், 650 கிராம். முழுக்க ஜெல்லில் போனால் 26 வேண்டும். நூறு ரூபாய்க்குக் குறைவாக எனக்குக் கிடைத்ததில்லை, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பணத்தை விடுங்கள், ஆறாவது ஜெல்லுக்கு மேல் நாக்கு ஏற்காது.

நான் இரண்டு மட்டும் வைத்திருப்பேன். ஏற்றத்துக்கு முன்னால் ஒன்று, கடைசி 40 கி.மீ.க்கு ஒன்று. கூடவே தண்ணீர் குடிக்க வேண்டும், அதன் மேல் பானகத்தைக் குடித்தால் இனிப்பு கெட்டியாகி வயிறு பிரட்டும். ஒரு மலிவான மாற்று: பழனி பஞ்சாமிர்தம். வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சம்பழம், கற்கண்டு, தேன், கொஞ்சம் நெய், அவ்வளவுதான். பிதுக்கும் சின்ன பாட்டிலில் அடைத்து எடுத்துப் போகலாம். எனக்கு ஜெல்லைவிட இது நன்றாகவே இறங்குகிறது.

என் ஆசை பிரான்சில் நடக்கும் பாரிஸ் - பிரெஸ்ட் - பாரிஸ் சைக்கிள் ஓட்டம். நான்கு வருடத்துக்கு ஒரு முறை, 2023-ல் நடந்தது, அடுத்து 2027. 1,200 கி.மீ., அதிகபட்சம் 90 மணி நேரம். அங்கே கட்டுப்பாட்டு மையங்களில் சூப், பாஸ்தா, ரொட்டி என்று சமைத்த சாப்பாடுதான், வழியோரக் கிராமத்து மக்களும் வீட்டு வாசலில் மேசை போட்டுக் காபியும் கேக்கும் தருவார்கள். அந்தத் தூரத்துக்கு ஜெல்லை நம்பிப் போக முடியாது. உண்மையான சாப்பாட்டைச் செரிக்கிற வயிறு வேண்டும். அதற்கு இங்கிருந்தே பழகுகிறேன்.


வைகைக்கரை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அக்கா எழுதியதைப் பிரதி எடுத்துச் சமையலறையில் ஒட்டியாயிற்று. இந்த ஞாயிறே பொடி இட்லியோடு கிளம்புகிறேன்.

அக்கா, இரண்டு சந்தேகம். ஒன்று, மறுபடி அரிசி சாப்பிட்டால் குறைத்த எடை ஏறிவிடாதா? இன்னும் 3 கிலோ குறைக்க நினைத்திருந்தேன். முட்டையை வைத்துப் புரதம் போதுமா? இரண்டு, 300-ல் மாலை ஏழு மணிக்கு மேல் இருட்டில் இன்னும் 80, 90 கி.மீ. பாக்கி இருக்கும். அந்த நேரத்தில் என்ன சாப்பிடுவது?


கரிசல்மண் அக்கா:

தம்பி, எடையைப் பற்றி முதலில். 300-க்கு முந்தைய இரண்டு மாதத்தில் எடை குறைக்க வேண்டாம். புதன்கிழமை வரை வலி இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தசையைச் சரி செய்யத் தேவையானது கிடைக்கவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். அரிசியை எல்லா நாளும் ஒரே அளவில் சாப்பிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஓட்டாத நாளில், குறைந்த நேரம் ஓட்டும் நாளில், எடை ஒரு கிலோவுக்கு 4 கிராம் மாவுச்சத்து, அதாவது 300 கிராமை ஒட்டி. நீண்ட தூரத்துக்கு முந்தைய நாள் 6, 7 கிராம், அதாவது 450 சுற்றி. சமைத்த சோறு நூறு கிராமில் 28 கிராம் இருக்கும். ஆகவே சனிக்கிழமை மதியமும் இரவும் நன்றாகச் சோறு சாப்பிடுங்கள், இரவில் ரசம் சாதமோ இட்லியோ. குறைப்பதென்றால் மாலை நேர பஜ்ஜியையும் மிக்சரையும் குறையுங்கள். சோற்றைக் குறைத்துவிட்டு அவற்றை வைத்திருப்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். மூன்று கிலோவை சீசன் முடிந்த பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

புரதம் கிலோவுக்கு 1.4 முதல் 1.6 கிராம், உங்களுக்கு 100 முதல் 115 கிராம். முட்டை மட்டும் போதாது. ஒரு முட்டையில் 6 கிராம்தான், மூன்று தின்றாலும் 18. அரை லிட்டர் பால், தயிர் சேர்ந்து 16, 17. மீல் மேக்கர் உலர்ந்தது 50 கிராம் எடுத்தால் 25, சைவத்தில் அதுதான் பெரிய கை. கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கிண்ணம் 12, பருப்பு இரண்டு வேளை 14, கைப்பிடி நிலக்கடலை 8. இட்லி, சோறு, சப்பாத்தியிலிருந்தே 20, 25 வந்துவிடும். கூட்டிப் பாருங்கள், பொடி டப்பா எதுவும் இல்லாமல் கணக்கு நிறைந்துவிடும். ஒரே வேளையில் குவிக்காமல் நாலு வேளையாகப் பிரியுங்கள். ஓட்டி முடித்த ஒரு மணிக்குள் தயிர் சாதமும் இரண்டு முட்டையும் சாப்பிட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும். குளித்துவிட்டு அப்படியே தூங்கிவிடுகிறவர்களுக்கு மறுநாள் கால் எழும்பாது.

இதைப் படிக்கும் பெண்களுக்காக ஒன்று எழுத வேண்டும், நான் பயிற்சி தரும் பெண் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வது. உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டால் மாதவிடாய் தள்ளிப்போகும், நின்றுபோகும். அதை "நன்றாகப் பயிற்சி செய்கிறேன்" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எலும்பு பலவீனப்படும், சின்ன அடியிலும் கீறல் விழும். பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014-லேயே இதை ஒரு தனி உடல்நலச் சிக்கலாக வரையறுத்திருக்கிறது. ஆண்களுக்கும் உண்டு, அவர்களுக்கு வெளியே தெரிவதில்லை. இரும்புச் சத்துக்கு முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சம்பழம், கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ. சாப்பிட்டவுடன் டீ வேண்டாம், ஒரு மணி நேரம் கழியட்டும், டீயும் காபியும் இரும்பை உறிஞ்ச விடாது. வருடத்துக்கு ஒரு முறை ரத்தம் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இனி இரவு. பத்து மணி நேரம் இனிப்பாகவே தின்றிருப்பீர்கள், வாய் மறுக்கும். அதற்காகவே உவர்ப்பு, புளிப்பு கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். புளியோதரையை எண்ணெய் குறைத்துக் கிளறி, எலுமிச்சை அளவு உருண்டையாகப் பிடித்து இலையில் சுற்றினால் ஒரே கையால் சாப்பிடலாம், இரவு வரை கெடாது. அவித்த சின்ன உருளைக்கிழங்கு, உப்பும் மிளகும் போட்டது, நூறு கிராமுக்கு 17, 18 கிராம் தரும். அதை மட்டும் இரவுக்கு வைக்காமல், கெடுவதற்கு முன் மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். நான்குவழிச் சாலையில் விடிய விடியத் திறந்திருக்கும் டீக்கடைகள் உண்டு. சூடான பால், பன், ரஸ்க், அவித்த முட்டை. ஏழு மணிக்கு ஒரு நல்ல நிறுத்தம் வைத்து இட்லியும் ரசமும் சாப்பிடுங்கள். சூடான ரசம் அந்த நேரத்தில் செய்யும் வேலையை எந்தப் பானமும் செய்வதில்லை, உப்பும் தண்ணீரும் சேர்ந்தே போகிறது. காபியை அதுவரைக்கும் மிச்சம் வைத்திருந்து எட்டு ஒன்பது மணிக்குக் குடித்தால் தூக்கத்தை விரட்ட உதவும். தூக்கம் கண்ணைச் செருகினால் காபியை நம்பாமல் டீக்கடை பெஞ்சில் இருபது நிமிடம் படுத்துவிட்டுக் கிளம்புங்கள், 20 மணி நேரத்தில் அதற்கு இடம் இருக்கிறது.

இருட்டில் மணி அடித்தாலும் கை பைக்குப் போகாது, விளக்கையும் சாலையையும்தான் மனம் பார்க்கும். அதனால் இரவுச் சாப்பாட்டை முன் பையில், கை எட்டுகிற இடத்தில் வையுங்கள். பின் பையில் வைத்தது வீட்டுக்குத்தான் திரும்பி வரும்.

300-க்கு மூன்று வாரம் முன்னால் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்பி கோவில்பட்டி போய், இரவு எட்டு மணிவாக்கில் மதுரைக்கு வந்து சேருங்கள். அன்றைக்கு அந்த 300-ல் சாப்பிடப் போவது எதுவோ அதை மட்டுமே சாப்பிடுங்கள். எது ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று இங்கே வந்து எழுதுங்கள், அதற்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். சாத்தூர் வழியாக வரும்போது முன்கூட்டிச் சொன்னால் நானும் கொஞ்ச தூரம் கூட ஓட்டுகிறேன்.